என் ரிப்போர்ட்டை எனக்கு முன்னால் படித்தவர்கள்

காலையில் சந்தாபுராவில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் கர்ப்பப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். மதியம் என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

இன்று ரத்தம் கொடுத்த எல்லோருடைய ரிப்போர்ட்டும் பெயர், வயதோடு அதில் கிடந்தது.

லேபுக்குப் போன் செய்து கத்தினேன். "ஒவ்வொருத்தருக்கா அனுப்ப ஆள் இல்ல மேடம். உங்களோடத மட்டும் பாருங்க, மத்தவங்களோடத ஓப்பன் பண்ணாதீங்க," என்று எனக்கே புத்தி சொன்னார் அங்கிருந்த பெண்.

போனை வைத்ததும் வீட்டு ஓனரம்மாவிடமிருந்து மெசேஜ். காலையில் அவரும் அங்கேதான் சுகர் டெஸ்ட் எடுத்தார்.

"நெகட்டிவ்னு போட்டிருக்கு. பேஜார் பண்ணிக்காதம்மா, வருத்தப்படாத, அடுத்த மாசம் பாக்கலாம்."

என் ரிப்போர்ட்டை நான் இன்னும் திறக்கவே இல்லை.

ஆபீஸில் இருக்கும் என் கணவருக்கும் இன்னும் தெரியாது. அந்தக் குழுவில் இருக்கும் யாருக்காவது நேரமிருந்தால், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.