ஏற்கெனவே அனுப்பியவை

அந்தமானில் நாங்கள் மெயின்லேண்ட் என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்தில் வெளிவரும் ஒரு மாத இதழுக்காகத்தான் விசாரிக்கத் தொடங்கினேன். குவாண்டம் கணினிகள் வளர்ந்துவிட்டால், இன்று தகவல்களைப் பூட்டிவைக்கும் குறியாக்கங்கள் பலவும் உடையும் என்கிறார்கள். அதற்குப் போர்ட் பிளேர் நிறுவனங்கள் எந்த அளவு தயாராக இருக்கின்றன என்று கேட்டு எழுத வேண்டும்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஒரு கப்பல் ஏஜென்சியில் கேள்வியைத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தங்களிடம் எந்தக் குறியாக்கம் இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் தெரியவில்லை. மெயின்லேண்டிலிருந்து புதியது வரும் என்றார்கள். இங்கே சிமெண்டும் வெங்காயமும் மருந்தும் அப்படித்தான் வருகின்றன. கப்பல் வராவிட்டால் காத்திருப்போம். இதையும் அந்தச் சரக்கோடு சேர்த்துவிட்டார்கள்.

கடைசியாகப் போனது, நானே நோயாளியாக இருக்கும் தனியார் மருத்துவமனை. மனைவி இறந்தபின் டெய்ரி ஃபார்ம் பகுதியிலுள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். வாரம் ஒருமுறை அந்த மருத்துவமனையின் சிறிய அறையில் அமர்ந்து, சென்னையிலுள்ள மனநல மருத்துவரிடம் திரை வழியே பேசுவேன். பேச்சு கடலடிக் கேபிளில் போகும். வேறு யாரிடமும் சொல்லாதவற்றை அவரிடம் சொல்லியிருந்தேன். அதன் பிறகுதான் தூக்கம் வந்தது.

கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் விருதுநகர் பக்கத்துக்காரர். என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

“அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் இங்க வரணும்னா மொதல்ல கப்பல்ல டிக்கெட் கெடைக்கணும். நமக்கே கெடைக்கல!”

“அது இங்க வர வேண்டாம் தம்பி. கேபிள்ல போறத இப்பவே காப்பி எடுத்து வச்சுக்கிட்டா, அந்த மெஷின் வந்தப்புறம் தெறந்துக்கலாம்.”

“டென்ஷன் மத் லோ அண்ணே, கவலைப்படாதீங்க. மெயின்லேண்ட்லேர்ந்து புது சாஃப்ட்வேர் வரும், போட்ருவோம்.”

“ஏற்கெனவே போனதுக்கு?”

மவுஸைச் சற்று நகர்த்தினார். “போனதுக்கு எப்படிண்ணே பூட்டு போடுறது? அப்படி என்ன பேசிட்டீங்க, டிஃபென்ஸ் ரகசியமா?”

நானும் சிரித்தேன்.

கட்டுரையை எழுதி அனுப்பினேன். இங்கிருந்து போன எதையும் யாரும் நகலெடுத்ததாக ஆதாரம் இல்லை என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். வாசகர்களுக்கு அந்த வரி போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்த வாரம் திரையில் மருத்துவர், “போன தடவை விட்ட எடத்துலேர்ந்து பேசலாமா சார்?” என்றார். இங்கே நல்ல மழை என்றேன். நிக்கோபார் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள் என்றேன். அவர் காத்திருந்தார். சந்தையில் தக்காளி இல்லை என்றேன். நேரம் முடியும்வரை இப்படியே செய்தி வாசித்தேன். அதற்கடுத்த வாரங்களிலும் அதுதான் நடந்தது. இரவில் தூக்கம் மறுபடியும் போய்விட்டது.

“தூக்கம் வருதா சார்?”

“வருது டாக்டர்.”

“ரொம்ப சந்தோஷம். அப்ப இனிமே மாசம் ஒரு தடவை பாத்துக்கலாம்.”

சரி என்றேன். திரை அணைந்தது. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.