சைலன்சர் குழாய்க்குத் திருநீறு

காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதெல்லாம் எல்லோரும் பார்த்ததுதான். காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, புகை போகிற குழாய்க்குத் திருநீறு பூசிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அப்பா.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் ஐயா வீட்டில் அப்பா டிரைவராக இருந்தார். கார் ஷெட்டை ஒட்டினாற்போல ஓர் அறை. அதில்தான் அப்பா, அம்மா, நான். வேலை போனால் அறையும் போகும். வாசல் தெளிக்கிற மாதிரி இதையும் அம்மா தினம் ஒரு தடவை தவறாமல் சொல்லிவிடுவாள்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பின்னாலிருந்து கூப்பிட்டால் கோயில் கோபுரத்தைக் கூப்பிட்ட மாதிரிதான். இது எங்கள் மூன்று பேருக்கும், தியாகராய நகரில் மெக்கானிக்காக இருந்த சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும். வக்கீல் வீட்டுக்குத் தெரியக் கூடாது. காது கேட்காத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் அம்மா ஓர் ஏற்பாடு செய்தாள். ஐயாவின் மனைவியை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். அவரிடம் போய், "எங்க பொண்ணுக்குக் கார்னா உசுரு மாமி. முன்சீட்டுல ஓரமா உக்காந்துக்கும். வாயத் தொறக்காது" என்று கேட்டு வாங்கிவிட்டாள். வாயைத் திறக்க மாட்டேன் என்பது மட்டும் உண்மை. கார் என்றால் எனக்கு வயிற்றைப் புரட்டும். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் அப்பாவின் தொடையில் ஒரு கிள்ளு. பின்சீட்டிலிருந்து ஐயா ஏதாவது சொன்னால் இரண்டு கிள்ளு. இரண்டு விழுந்தால் அப்பா கண்ணாடியில் ஐயாவின் முகத்தைப் பார்த்து, "சரிங்க ஐயா" என்பார். எதற்கும் அதுதான் பதில். பெரும்பாலும் பொருந்திவிடும். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அப்பா எப்படிச் சமாளித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கபாலிதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா காரைக் கிளப்பினார். படபடபடவென்று ஒரு சத்தம். மாடியில் வடாம் எப்போது காயும் என்று உட்கார்ந்திருந்த காக்காய்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. எதிர்வீட்டுக்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்து நின்றார். அப்பா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி, லேசாகச் சிரித்த முகத்தோடு, வண்டியை நிதானமாகப் பின்னுக்கு எடுத்து வாசலில் நிறுத்தினார்.

ஐயா படியிறங்கி வந்தார்.

"என்னப்பா இது, இவ்வளவு சத்தம்?"

அப்பா குனிந்து கதவைத் திறந்தபடி, "சரிங்க ஐயா" என்றார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"சரிங்க ஐயா."

நான் பாதிப் பின்னலோடு ஓடினேன். ஓடி என்ன செய்ய? ஹாரனுக்கு ஒன்று, ஐயாவுக்கு இரண்டு. சைலன்சர் உடைந்துவிட்டது என்பதற்கு எத்தனை கிள்ளு என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

மாமி வாசற்படியில் நின்று சொன்னார். கோபமாகக்கூட இல்லை, ரசத்தில் புளி அதிகம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை கார்த்தால சம்பந்தி ஆத்துக்காராளை ஸ்டேஷன்லேர்ந்து அழைச்சுண்டு வரணும். இந்தச் சத்தத்தோடயா? இதுவே காதுல விழாதவனுக்கு, பின்னாடி லாரி வந்தா மட்டும் விழப்போறதா? வெள்ளிக்குள்ள இது நிக்கலேன்னா வேற டிரைவரைப் பாருங்கோ."

ஐயா காரில் ஏறி உட்கார்ந்தார். மீதிப் பின்னலை அம்மா பின்னிய இறுக்கத்தில் அன்று முழுவதும் என் புருவம் மேலேயே நின்றது.

அன்று சாயங்காலம் அம்மா விஷயத்தைச் சைகையில் சொன்ன பிறகு, அப்பா இஞ்சினை ஓடவிட்டு, வெறுங்காலை வண்டியின் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் செருப்பில்லாமல்தான் ஓட்டுவார். வண்டி அவரோடு காலால்தான் பேசும். "முன்பக்கம்தான் அடிக்குது" என்றார்.

புதன்கிழமை சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்குப் பின்னால் குந்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "பின்னாடிதான் அண்ணே. சைலன்சர் டப்பாவுல ஓட்ட" என்றார். அப்பா இல்லையென்று தலையாட்டி இஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"காது கேக்குறவன் நான். சத்தத்தப் பத்தி நீ இன்னாத்துக்கு எனக்கு சொல்லிக்கினு கீறே?"

இதை அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் மாடி வரைக்கும் கேட்கும். ஆகவே வாயை மட்டும் அசைத்து, காதைத் தொட்டு, நெஞ்சைத் தட்டி, கையை விரித்துச் சொன்னார். அப்பாவும் அப்படியே திருப்பித் திட்டினார். இரண்டு பெரிய ஆட்கள் காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கால் மணி நேரம் சத்தமில்லாமல் சண்டை போட்டார்கள். மேலேயிருந்து பார்த்த மாமி, "அண்ணா தம்பின்னா இப்படின்னா இருக்கணும், ஒரு வார்த்தை ஒசத்திப் பேசலை" என்று அம்மாவிடம் மெச்சினாராம்.

கடைசியில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். டப்பாவில் தகரத்தைச் சுற்றி இறுக்கினார். வண்டியைக் கிளப்பினார். பழைய சத்தம் அப்படியே இருந்தது, அதோடு தகரம் போடும் தாளமும் சேர்ந்துகொண்டது.

"இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்குது இல்ல?" என்று என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்பனுக்கு ஏத்த பொண்ணு" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அப்பா முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, அடியில் கட்டையும் கொடுத்து நிறுத்தினார். குழாயின் மூட்டு ஒவ்வொன்றிலும் ஈரமாக எதையாவது குழைத்துப் பூசிவிட்டு இஞ்சினை ஓட்டினால், காற்று கசிகிற இடத்தில் பூச்சு நிற்காது, தெறித்துவிடும். அதற்குக் காது தேவையில்லை, கண் போதும். அப்பாவின் யோசனை அதுதான். கோலமாவைக் கேட்டார். அம்மா தர மாட்டேன் என்றுவிட்டாள், வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு வேண்டுமாம். சாமி மாடத்தில் ஒரு பொட்டலம் திருநீறு இருந்தது. சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதை எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

இஞ்சினிலிருந்து பின்வால் வரைக்கும் மூட்டு மூட்டாகப் பூசினார். மறுபடி வந்திருந்த சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பின்னால் பூசியதெல்லாம் அப்படியே வெள்ளையாக ஒட்டியிருந்தது. முன்னால், இஞ்சினுக்குக் கீழே குழாய் வந்து சேருகிற இடத்தில், மூன்று நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அங்கிருந்து ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று தெறித்து அப்பாவின் கன்னத்திலும் மீசையிலும் அப்பியது. அந்த முகத்தோடேயே வெளியே வந்து, "இங்க" என்றார்.

துளசிக்குத் தண்ணீர் விட வந்த மாமி இதைப் பார்த்துவிட்டார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"கொழாய்க்குக்கூட விபூதியா? இத்தனை பக்தியா உனக்கு?"

"சரிங்க மாமி" என்றார் அப்பா.

மாமி உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தார். "நடுவுல ஒரு பொட்டு வெச்சுடு கொழந்தே" என்று என்னிடம் நீட்டினார். நான் ஊர்ந்துபோய் வைத்தேன். விரல் நுனி சுட்டுக்கொண்டது. அதற்காக அழலாமா கூடாதா என்று தெரியாமல் விரலை வாயில் போட்டுக்கொண்டேன்.

குழாய் ஆறிய பிறகு நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கழற்றினார்கள். புகை கசியாமலிருக்க நடுவில் வைத்திருந்த பேக்கிங் அட்டை ஒரு பக்கம் கருகி, கடித்துவிட்டு வைத்த முறுக்கு மாதிரி வந்தது. சித்தப்பா புதிதாகத் தடித்த அட்டை ஒன்றைக் குழாயின் இரும்பு வாய்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். விளிம்பெல்லாம் அதில் அச்சாக விழுந்தது. அதன்படி வெட்டிப் பொருத்தினார். நட்டை மட்டும் அப்பா தம்பியிடம் கொடுக்கவில்லை. ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் வாய் கோணிக்கொள்ளும் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

பின்வால் குழாயை ஈரச்சாக்கால் அடைத்துப் பார்த்தார்கள். எங்கேயாவது கசிந்தால் இஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது திணறி, உடம்பெல்லாம் உதறி, நின்றேவிட்டது. வெறுங்காலோடு உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் மலர்ந்தது. சாக்கை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினால், வண்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"அடுத்த தபா காதுல பஞ்ச வச்சிக்கினு வரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பையை எடுத்தார்.

விபூதியால்தான் சத்தம் நின்றது என்று மாமி தெருவெல்லாம் சொன்னார். இப்படிப்பட்ட டிரைவர் கிடைப்பானா என்றும் சொன்னார். அம்மா அன்று எனக்கு அப்பளம் இரண்டு பொரித்தாள்.

அன்று ஐயா இன்னொரு வக்கீலின் காரில் கோர்ட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வெயில் இருக்கும்போதே திரும்பினார். அப்பா முதுகைக் காட்டியபடி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயா நாலடி தள்ளி நின்று, சாதாரணமான குரலில், "வண்டியை எடுப்பா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார்.

அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐயா இன்னொரு தடவை சொன்னார். இஞ்சின்கூட ஓடவில்லை, சத்தத்தின் மேல் பழி போட வழியில்லை. நான் எங்கள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கிள்ளியிருக்க வேண்டும். ஐயாவின் கண்ணெதிரே எப்படிக் கிள்ளுவது? ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அவர் மெதுவாகக் காரைச் சுற்றிக்கொண்டு போய், அப்பாவுக்கு எதிரே நின்று, போகலாம் என்று கையைக் காட்டினார்.

"சரிங்க ஐயா."

முன்கதவுக்கு நான் ஓடினேன். ஐயா எனக்கு முன்னால் அதில் கை வைத்துவிட்டார். "நீ பின்னாடி உக்காரு" என்றார்.

அடையாறு பாலம் வரைக்கும் ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப வேண்டிய இடம் வந்தால் மடித்த செய்தித்தாளால் அந்தப் பக்கம் காட்டினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தபோது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கையை நீட்டி, ஒதுங்கு என்று மெல்ல அசைத்தார். அப்பாவின் பின்கழுத்தில் வேர்வை ஓடியது எனக்குத் தெரிந்தது. பாலத்து மேல் காற்றடித்தபோதுதான் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

வீட்டு வாசலில் மாமி கேட்டார். "இதென்ன, முன்னாடி உக்காந்துண்டு வரேள்?"

"அங்கே காத்து நன்னா வரது. இனிமே அங்கேயேதான் உக்காரப்போறேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கும் நானே கூடப் போறேன்" என்றார் ஐயா.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். வயிற்றைப் புரட்டினாலும் அது என் இடம் இல்லையா?

"ஐயா என் எடத்தைப் புடுங்கிக்கிட்டாரும்மா. இனிமே அவருதான் முன்னாடி உக்காருவாராம். பஸ் வந்தப்பகூட அவரே கையால காட்டிட்டாரு. என்னைக் கிள்ளவே வுடல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கையாலயா காட்டினாரு?" என்றாள். நான் ஆமாம் என்றேன். "கையாலயா?" என்று மறுபடி கேட்டாள். பிறகு அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

நான் இத்தனை அழுகிறேன், இவள் உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று எனக்கு வந்த கோபத்தில், வாசலுக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.