நடுவால்வு

கிழக்குத் தொட்டியின் வால்வுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘தண்ணி மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்குத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். ஒரு காலத்தில் இரண்டு பக்கத்துத் தெருக்குழாய்களும் நடுவில் ஒரு வால்வு வைத்த இணைப்பால் சேர்ந்திருந்தன. கிழக்கே உடைந்தால் மேற்கிலிருந்து வரும். மேற்கே மோட்டார் படுத்தால் கிழக்கிலிருந்து போகும். ஞாயிறு தவறாமல் இருவரும் நடுவால்வுக் குழிக்கு வந்து, இறுகிவிடாதபடி திருகிவிட்டு, குழி மூடிமேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

எந்தத் தொட்டித் தண்ணீர் ருசி என்ற பேச்சில்தான் எல்லாம் கெட்டது. விளையாட்டாய்த் தொடங்கி வார்த்தை தடித்தது. “உங்க தண்ணி உங்களுக்கு, எங்க தண்ணி எங்களுக்கு” என்று மச்சான் நடுவால்வை இறுக மூடினார். மாமாவும் வீம்புக்கு ஏனென்று கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு பக்கமும் ஒற்றைக் குழாயை நம்பி நின்றது. எதுவும் உடையாதவரை யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு காலையில் லாரி ஏறி, கிழக்குத் தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் குழாய் நொறுங்கியது. அன்று மாமாவின் மனைவிக்குக் கிழக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தண்ணீர் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது. ஆஸ்பத்திரித் தொட்டியிலோ அடித்தரை தெரிந்தது. உடைந்த துண்டுக்கு இரண்டு பக்கத்து வால்வுகளையும் மூடிவிட்டு, மாமா சைக்கிளை மேற்கே மிதித்தார்.

“என்ன மாப்ளே, வழி தவறி வந்துட்டீங்களா?”

“உங்க தங்கச்சி மெஷின்ல படுக்கணும் மச்சான். ஆஸ்பத்திரில தண்ணி இல்ல.”

மச்சான் சட்டைகூட மாட்டவில்லை. வால்வைத் திருகும் நீளச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

நடுவால்வு துருவேறிக் கல்லாய்க் கிடந்தது. மாமா பதற்றத்தில் தம் கட்டித் திருகினார்.

“அட, பொறுங்க! தண்டு முறிஞ்சா எல்லாம் போச்சு. அசைச்சு அசைச்சு விடுங்க. மறந்தே போச்சா?”

மறக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. கை தானாகவே பழைய தாளத்துக்கு வந்தது. இருவரும் வியர்வையில் தெப்பமாக நனைந்தபோது, உள்ளே ‘கடக்’ என்றது. குழாய் இரைந்தது. முதலில் வந்த செந்தண்ணீரைத் தெருவில் திறந்துவிட்டு, தெளிந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மெஷினில் படுத்திருந்தவள் அண்ணனைக் கண்டதும் கேட்டாள்: “ஊருக்குத் தண்ணி விட வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான்.”

“குழாய் சரியானதும் திரும்ப மூடிடுவியா?”

மச்சான் மாமாவைப் பார்த்தார்.

“மூட மாட்டேன். பேசாம படு.”