பதினொரு நொடிச் சிரிப்பு

என் வீட்டுக்காரருக்குத் தொழில், முடி வெட்டுவது. பைத்தியம், மிதக்கும் படத்துக்குப் பெட்டி செய்வது. பழைய சிடி உறைகளைச் சவரக் கத்தியால் நறுக்கி, நான்கு துண்டுகளைத் தலைகீழ்க் கூம்பாக ஒட்டி, செல்போன் திரைமேல் நிறுத்துவார். திரையில் ஓடும் படம் கூம்புக்குள் அந்தரத்தில் மிதக்கும். நாலு பக்கமிருந்தும் பார்க்கலாம். முதலில் மீன் நீந்தியது, பிறகு பூ விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி மரச்சட்டம், தனி வண்ணம், தீக்குச்சியில் வேலி. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பிளாஸ்டிக் தூள் என் சோற்றுப்பானை வரைக்கும் வந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"ஊர்ல அவனவன் சீட்டாடுறான், உங்களுக்கு இது. என் தலையெழுத்து" என்பேன்.

"சீட்டாடினா இதவிட அதிகமா திட்டுவ" என்பார். அதுவும் உண்மைதான்.

பக்கத்துத் தையற்கடை அண்ணன் இவருக்கு உயிர். இருபது வருடமாக இவரிடம்தான் சவரம். நாற்காலியில் அவர் சாய்ந்ததும் "சொல்லுங்கண்ணே, என்ன சேதி?" என்று ஆரம்பிப்பார் இவர். அப்புறம் இரண்டு கடையும் ஒரு மணிநேரம் ஈயோட்டும். மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் படுத்தார், ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். அதன்பின் ஒருநாள் அண்ணி எங்கள் கடைக்கு வந்தார்.

"தம்பி, கண்ண மூடினா ஆஸ்பத்திரி முகம்தான் வருது. சிரிச்ச முகம் மறந்தே போச்சு. உங்க பெட்டியில ஒரு தடவ காட்ட முடியுமா?"

சவரம் முடிந்து அண்ணன் சிரிக்கும் வீடியோ ஒன்று இவர் போனில் இருந்தது. பதினொரு நொடி. பின்னணி முழுக்கக் கறுப்பாக இருந்தால்தான் உருவம் மிதக்கும் என்பதால், அவரைச் சுற்றியிருந்த சீப்பு, துண்டு, சுவர் எல்லாவற்றையும் படம் படமாக அழித்தார். மூன்று வாரம் ஆனது. அண்ணன் கடையில் மிச்சமிருந்த துணியில் பெட்டியின் நாலு மூலைக்கும் குட்டித் திரைச்சீலை தைத்தது நான். திட்டிக்கொண்டேதான் தைத்தேன்.

ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, அண்ணியை உட்கார வைத்தோம். அண்ணன் மிதந்தார், சிரித்தார். அண்ணி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது அவரு இல்ல தம்பி. மச்சம் மாறியிருக்கு, வகிடும் மாறியிருக்கு. யாரோ மாதிரி இருக்கு."

எழுந்து போய்விட்டார்.

அண்ணி சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் கூம்பு படத்தை இடம்வலமாக மாற்றிக் காட்டும். மீனுக்கும் பூவுக்கும் அது தெரியவில்லை. முகத்துக்குத் தெரியாதா? வீடியோவை முதலிலேயே திருப்பியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். "மூணு வாரம் பார்த்தீங்களே, கண்ணு எங்க போச்சு?" என்று பிடித்துக்கொண்டேன்.

இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சுது. இருபது வருசமா நான் அவர் முகத்தக் கண்ணாடியிலதானே பார்த்துப் பேசினேன்" என்றார்.

பெட்டியிலிருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

திருப்புவது இரண்டு நிமிட வேலை. மறுநாள் நானே போய் அண்ணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். பார்த்த மாத்திரத்தில் அவர் கண் நிறைந்துவிட்டது. "இதுதான். இதுதான் அவரு" என்று அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். இவர் மட்டும் பெட்டிப் பக்கமே திரும்பாமல் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, நீங்க பார்க்கலியா?"

"இப்ப எனக்கு வேற யாரோ மாதிரி இருக்கு அண்ணி."

அண்ணி விழித்தார். இந்த மனுஷனுக்கு விளக்கிச் சொல்லவும் தெரியாது, நான்தான் கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அண்ணி, நாற்காலிக்கு எதிரே இருந்த கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சவர நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, பெட்டியை அலுங்காமல் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"உங்க இடத்துல நில்லுங்க தம்பி. நான் இப்படிப் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்."

இவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணாடியில் அண்ணன் சிரித்தார். பதினொரு நொடி முடிந்து, மறுபடி சிரித்தார். இவர் கை தானாகத் துண்டை எடுத்து உதறியது.

"சொல்லுங்கண்ணே, என்ன சேதி?" என்றார்.