சப்பாத்தின் தன்கதை

பள்ளியில் ஆறாம் ஆண்டில், ஒரு பொருள் தானே தன் கதையைச் சொல்வதுபோல் நான் எழுதிய தன்கதைகள் எல்லாம் குப்பைத் தொட்டியில்தான் முடியும். பேனாவோ குடையோ மிதிவண்டியோ, எதுவானாலும் தொழிற்சாலையில் பிறந்து, கடையில் விலைபோய், கடைசியில் குப்பையில் கிடந்து கண்ணீர் வடிக்கும். நான் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வருவேன். ஒருமுறை சரியாக மாற்ற மறந்து, என் குடைக்கு இரண்டு சக்கரம் இருந்தது.

அந்தக் குடையோடு டீச்சரின் பொறுமை போய்விட்டது. அதுவரை அவர் சிவப்பு மையில் திருத்துவார். நாங்கள் அதைப் பார்த்து எழுதிவிட்டு மறந்துபோவோம். இனிமேல் சிவப்பு மை கிடையாது என்றார். முதலில் எழுதியதைப் பக்கத்து மேசைக்காரன் படித்து, பென்சிலில் மூன்று கேள்வி எழுதுவான். பதிலைக் கற்பனை செய்யக் கூடாது. பொருளை நேரில் போய்ப் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும். பிறகு வீட்டில் உரக்க வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நன்றாக வந்த ஒரு கட்டுரை, பள்ளி முழுவதும் கூடும் சபைகூடலில் மேடையில் வாசிக்கப்படும்.

அந்த மேடையில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

அப்பா குளுவாங் நகருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்தைப் பற்றி எழுதினேன். பக்கத்து மேசைக்காரன் கேட்டவை: எங்கே வேலை? அடியில் என்ன ஒட்டியிருக்கும்? நாறுமா?

சாயங்காலம் வாசலில் குப்புறப் படுத்துச் சப்பாத்தைப் புரட்டினேன். மூக்கையும் உள்ளே விட்டேன். எழுத்தாளன் படாத பாடா? ஆலை எண்ணெயின் பிசுக்கே இல்லை. அடியில் காய்ந்த செம்மண், நாடா முழுக்கப் புல்விதை. எனக்கு ஒரே சந்தோஷம். எண்ணெய் என்று எவனும் எழுதிவிடுவான். புல்விதையை எவன் எழுதுவான்?

சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். புல்விதை வந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"அங்க எண்ணெய்னு போடுப்பா."

"பார்த்ததத்தான் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்கப்பா. நான் மோந்துகூடப் பார்த்தேன்."

அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. "எத்தன நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா எழுதுறேம்மா" என்றேன் நான், பெருமையாக.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தைப்பூசம் முடிஞ்சதிலேர்ந்து" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து என் தாளில் கையெழுத்துப் போட்டார். புல்விதையை அடிக்கவில்லை.

கட்டுரை சபைகூடலில் வாசிக்கப்பட்டது. கைதட்டினார்கள். அடுத்த வாரம் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். மாதம் ஒருமுறைதான் வந்தார். சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. அவர் சொன்ன திருத்தத்தை நான் ஏற்காததால்தான் கோபம் என்று நினைத்து, அடுத்த கட்டுரையில் தேவையில்லாத இடத்திலெல்லாம் எண்ணெய் ஊற்றினேன்.

ஆலை அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. தினமும் காலையில் அந்தச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, எந்தப் புல்வெளியில் போய்ச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்க எங்கள் மூன்று கேள்விகளில் இடமில்லை. நான்காவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.