சிஞ்ஞோராவிடம் மிஞ்சிய சொல்

பாதி திறந்த மரப்பலகை யன்னல், அதன் வரிகளின் ஊடாகச் சிஞ்ஞோராவின் மடியில் விழும் காலை வெயில். இவை நினைவுக்கு வந்தால் அந்தச் சொல்லும் தானாகக் கேட்கிறது: "மா."

சிசிலியில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடி வீடொன்றில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் அந்த முதிய இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். இத்தாலியனில் அதற்கு 'ஆனால்' என்று பொருள். அது வெறும் ஒலி, அர்த்தம் தேட வேண்டாம் என்றார் டொக்டர். எனக்கோ எதையும் எழுதிவைக்கும் பழக்கம். கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்தேன்: நேரம், தொனி, என்ன செய்ததும் அமைதியானார். 8.10, தாழ்ந்து நீண்டது, தண்ணீர். 11.25, இருமுறை, யன்னலைச் சாத்தியது. நான்கு மாதங்களில் பதினொரு தொனிகள் பிடிபட்டன.

பிறகு அந்தச் சொல் தெருவிலும் என்னைத் தொடர்ந்தது. பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது வங்காளிக் கடைக்காரியின் மகள் "மா" என்று தாயைக் கூப்பிட்டாள். பந்தடித்த சிசிலியப் பிள்ளைகள் பல்கனியைப் பார்த்து அதையே கத்தினார்கள். அவர்களுக்கும் அது தாய்தான். மொரோக்கோக்காரி ஒருத்தி அதே ஒலியால் தண்ணீர் கேட்டாள். சீசாப் பகுதியில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் அது புட்டுக்குக் குழைக்கிற மா. சிஞ்ஞோராவின் பழைய அகராதியைப் புரட்டினேன். இத்தாலிய 'மா', 'மேலும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். அன்று முழுவதும் ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது.

"அந்த மனிசி ஒரு சொல்லாலை உன்னை ஆட்டி வைக்கிறா. நான் விடியத்தொடக்கம் கதைக்கிறன், எனக்கொரு கொப்பி போட்டனியே?" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு ஒரே தொனிதானேயப்பா. பசி."

வசந்தத்தில் மிலானிலிருந்து சிஞ்ஞோராவின் மகள் வந்தார். முதியோர் இல்லமொன்றில் இடம் கிடைத்திருந்தது. அம்மாவுக்கு எதுவும் விளங்காதென்றால் எங்கே இருந்தாலும் ஒன்றுதானே என்றார். நான் கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் தாயின் முன்னால் முழந்தாளிட்டு, "அம்மா, இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா?" என்று கேட்டார்.

சிஞ்ஞோரா மகளின் முகத்தைப் பார்த்தார். "மா."

மகள் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்? நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்."

'விருப்பம்' என்று நான் சொன்னால் அந்த வீடும் என் வேலையும் நிலைக்கும். பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க அந்த வேலைக் கடிதம் எனக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் உயரத்தில் தொடங்கி நடுவில் உடைந்த அந்தத் தொனியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"தெரியாது. இது கொப்பியில் இல்லை" என்றேன்.

"இருக்க விருப்பமாம் எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று அன்று பின்னேரம் கணவர் கேட்டார்.

"ஓம். சொல்லியிருக்கலாம்."

அடுத்த கிழமை சிஞ்ஞோராவை இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். கொப்பியை மகள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன். அங்குள்ள முதியவர் நாள் முழுக்கக் கதைப்பார், எழுத ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒருமுறை தாயைப் பார்க்க வரும் மகள், கொப்பியைப் பார்த்தும் தனக்குப் பிடிபடாத தொனியைக் குரல் செய்தியாக எனக்கு அனுப்புகிறார். இரண்டு விநாடி, ஒரு சொல். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். 'போர்வை' என்றோ, 'வெளிச்சம் கூடிவிட்டது' என்றோ எழுதி அனுப்புவேன். ஆனால் ஒவ்வொரு முறையும், அன்று உடைந்த தொனி திரும்ப வருகிறதா என்றுதான் முதலில் காதுகொடுக்கிறேன். இன்னும் வரவில்லை.