அவைக் குறிப்பில் ஏறியது

செய்தி பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. யாருடைய குழந்தைக்கோ பிறந்தநாள் வாழ்த்துகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு வரி. நஸ்ரின் இறந்துவிட்டாள், டெங்கு. அதற்குக் கீழே இன்னும் இரண்டு கேக் படங்கள்.

நான் நம்பவில்லை. அவள் எண்ணுக்கே அழைத்தேன். அவள் தம்பி எடுத்தான்.

"நஸ்ரின் இருக்காளா?"

"அக்கா இல்லைக்கா. மத்தியானமே அடக்கம் ஆயிடுச்சு. 'எதிர்க்கட்சி பவித்ரா'ன்னு பேரு வருது. நீங்கதானே?"

நான்தான் என்றேன்.

மறுநாள் அம்மாபேட்டையில் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். அதற்குள் குழு அவளைத் தியாகி ஆக்கியிருந்தது. 'நமக்காகப் போராடிய தலைவி' என்று எழுதியவன், அன்று பள்ளியில் நடந்த மாதிரிச் சட்டமன்றத்தில் எங்கள் முதலமைச்சராக இருந்தவன். நஸ்ரினை நம்பாதீர்கள் என்று எங்களிடம் முதலில் சொன்னவனும் அவனே. இறந்தவர்களைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் பேசும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அந்த அவையில் உட்கார்ந்திருந்தீர்கள். இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில், கோழிப் பண்ணைகளின் நடுவே, உயர்ந்த சுற்றுச்சுவர் கொண்ட விடுதிப் பள்ளி. மதிப்பெண்ணுக்குப் பெயர் போனது. விடிவதற்கு முன் படிப்பு, பிறகு பள்ளி, பிறகு மறுபடியும் படிப்பு. பையன்களும் பெண்களும் பேசிக்கொள்ளக் கூடாது. நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலை வழிபாட்டில் அறிவித்தார்கள். மாணவர்களே நடத்தும் மாதிரிச் சட்டமன்றம். தேர்தல் உண்டு. அமைச்சரவை உண்டு. எதிர்க்கட்சி உண்டு. ஆசிரியர்கள் தலையிட மாட்டார்கள்.

கடைசி வாக்கியம்தான் எங்களைப் பயமுறுத்தியது.

"எதுக்குடி திடீர்னு?" என்றாள் நஸ்ரின், சாப்பாட்டு வரிசையில். "டிவி பாக்க விடமாட்டாங்க. பேப்பர் படிக்க விடமாட்டாங்க. கவர்மென்ட் மட்டும் நடத்தலாமாம்."

ஆனாலும் பெயர் கொடுத்தோம். உறுப்பினர்களுக்குச் சனிக்கிழமை மாலைப் படிப்பு கிடையாது என்றார்கள். எங்கள் ஜனநாயகம் அங்கே தொடங்கியது. நான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனேன். நஸ்ரினைப் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். அவள் யார் பக்கமும் இல்லை என்பது காரணம். பிறகு அவள்மேல் வைத்த குற்றச்சாட்டும் அதுவே.

சட்டமன்றத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் பேரவைத் தலைவரை நோக்கித்தான். பேசத் தடை இருந்த எங்களுக்கு இந்த விதியின் பயன் சீக்கிரமே புரிந்தது. முதல் கூட்டத்திலேயே தினேஷ் எழுந்தான்.

"பேரவைத் தலைவர் அவர்களே, மாண்புமிகு உணவுத் துறை அமைச்சர் நேத்து மத்தியானம் ஏன் மொகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்கன்னு இந்த அவைக்குத் தெரியணும்."

மாண்புமிகு அமைச்சர் சிவந்துபோய் எழுந்தாள். "பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினரை அவரு வேலையைப் பாக்கச் சொல்லுங்க."

நஸ்ரின் மணியைத் தட்டினாள். சிரிக்கவில்லை. "மொகம் உணவுத் துறைல வராது. அடுத்த கேள்வி."

விதியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அது ஆசிரியர்கள் உட்காரும் விதம்.

கௌசல்யா என் பக்கத்துக் கட்டில். எதிர்க்கட்சி வரிசையில் என் பக்கத்து இருக்கை. திருச்செங்கோட்டுக்காரி, அம்மா விசைத்தறியில் வேலை பார்த்தார். அந்தப் பள்ளி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. முடி கொத்தாக உதிர்ந்தது. புத்தகம் எதிரே திறந்திருக்க, அழாமல் வெறித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். வார்டன் அறையில், வார்டன் போனில், மறுமுனைக் குரல் அறைக்கே கேட்கும்படி வைத்து. பெற்றோர் பார்க்க வந்தாலும் வார்டன் பக்கத்தில் நிற்பார். விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

"'நல்லா இருக்கேன்மா'ன்னு வாயி தானாச் சொல்லுது பவி," என்றாள் கௌசல்யா. "நான் சொல்றதே இல்ல. வாயிதான்."

நான் ஒரு தீர்மானம் எழுதினேன். விடுதி மாணவர்கள் வீட்டாரோடு தனியாகப் பேச அனுமதிக்க வேண்டும். நஸ்ரினிடம் கொடுத்தேன். அடுத்த நாள் வார்டன் என்னை நிறுத்தினார்.

"மகாராணிக்குத் தனி போன் வேணுமாக்கும்?"

தீர்மானம் இன்னும் அவைக்கே வந்திருக்கவில்லை.

அப்போதுதான் முதலமைச்சர் எங்கள் வரிசைக்கு வந்து, பேரவைத் தலைவரைப் பார்த்துக்கொண்டே, மெல்லச் சொன்னான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் நஸ்ரின் தாளாளர் அறைக்குப் போய்வருகிறாள். துணி காயும் மொட்டைமாடியில் அவளைப் பிடித்தேன்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவரு கேக்காததையும் சொன்னேன். ரகசியமாக் கேட்டா கலகம்டி. நிகழ்ச்சி நிரல்ல இருந்தா தீர்மானம்."

"நீ யாரு பக்கம்?"

"நான் பேரவைத் தலைவர்."

ஈரத் துணியை உதறி, கிளிப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

தீர்மானம் ஆண்டு விழாவுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பெற்றோர் முன்னிலையில் மாதிரிச் சட்டமன்றம் நடத்திக் காட்டப்படும் என்றார்கள். தாளாளர் அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்த வசனங்கள் வந்தன. நான் தீர்மானத்தை முன்மொழிவேன். நிர்வாகம் ஏற்கெனவே பரிசீலித்து வருகிறது என்று முதலமைச்சர் பதில் சொல்வான். நான் நன்றி கூறித் திரும்பப் பெறுவேன். கைதட்டல்.

நஸ்ரின் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. ஒத்திகையை அவளே நடத்தினாள். என் நன்றி பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். இன்னும் சத்தமாக.

அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. மற்றவர்களும் பேசவில்லை. அவள் தனியாகச் சாப்பிட்டாள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

விழா நாள். பந்தல் நிறையப் பெற்றோர். முதல் வரிசையில் தாளாளர், மடியில் வசனத் தாள். நான் முன்மொழிந்தேன். முதலமைச்சர் பரிசீலித்தான். நான் நன்றி சொன்னேன், பின்வரிசைக்குக் கேட்கும்படி. கைதட்டல் அடங்கியது. தாளில் மிச்சமிருந்தது ஒரே வரி. அவை ஒத்திவைக்கப்படுகிறது.

நஸ்ரின் அதைச் சொல்லவில்லை. எங்கள் வரிசையைப் பார்த்தாள். நானும் திரும்பினேன். கௌசல்யாவின் கை காது உயரத்துக்கு எழுந்திருந்தது.

"உறுப்பினர் கௌசல்யா பேசலாம்."

மைக் கைமாறி அவளிடம் வந்தது. தாளாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா வந்திருக்குதுங்க," என்றாள் கௌசல்யா, பந்தலைப் பார்த்து.

மணி. "உறுப்பினர் பேரவைத் தலைவரைப் பார்த்துத்தான் பேசணும்."

கௌசல்யா நஸ்ரின் பக்கம் திரும்பினாள். "பேரவைத் தலைவர் அவர்களே. போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னதெல்லாம் பொய்யுங்க. என்னால இங்க இருக்க முடியலீங்க. எங்கம்மாகிட்ட என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கத்தினார். "ஏஞ் சாமி! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி? வா, ஊட்டுக்குப் போலாம்!"

மறுபடியும் மணி. நஸ்ரினின் குரல் ஒத்திகையில் இருந்தது போலவே இருந்தது. "பார்வையாளர் பேசக் கூடாது. அவங்க பேசினது அவைக் குறிப்பில் ஏறாது." நிறுத்தினாள். "உறுப்பினர் பேசினது ஏறும். அவை ஒத்திவைக்கப்படுகிறது."

அன்று மாலையே கௌசல்யா டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். மாதிரிச் சட்டமன்றம் அதன்பின் கூடவில்லை. தேர்வு நெருங்குகிறது என்றார்கள். நஸ்ரினுக்கு அந்த வருடம் முடியும்வரை வீட்டு அழைப்பு கிடையாது. போன் வார்டன் மேசையில் அதே இடத்தில் இருந்தது. எங்கள் யாருக்கும் எதுவும் மாறவில்லை. ஒருத்திக்கு மாறியது.

பல வருடங்களுக்குப் பிறகு சேலத்தில் நஸ்ரினைப் பார்த்தேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், நொறுங்கிய லாரிகளின் படங்களைப் பார்த்து, விபத்து சொன்னபடிதான் நடந்ததா என்று சரிபார்க்கும் வேலை. ஐந்து ரோட்டில் டீ குடித்தோம். கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"கை தூக்குனா. பேசச் சொன்னேன்."

"பாதிதான் தூக்குனா."

"பாதிக் கைக்குன்னு தனி விதி இல்லடி." சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு. "இன்னும் என்னைச் சந்தேகப்படுற. நல்லது. விட்றாத."

நான் விடவில்லை. போன வாரம், அம்மாபேட்டையிலிருந்து திரும்பிய பிறகு, கௌசல்யாவை அழைத்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. நஸ்ரின் அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாளா என்று கேட்டேன்.

"ஒன்னுமே சொல்லலியே பவி. நான் கையைத் தூக்கவும் இல்ல."

"தூக்குனியே. நான் பாத்தேன்."

"பூ நழுவுச்சு, சரி பண்ணுனேன். அவ பேரைக் கூப்பிட்டா. மைக்கு வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் வாயி பொய் சொல்லல."

தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, குழுவில் எழுதும் நண்பர்களே, அவளைத் தலைவி என்று எழுதாதீர்கள். அவள் விதியை மீறினாள் என்றும் எழுதாதீர்கள். எழாத ஒரு கையை எழுந்ததாக எடுத்துக்கொண்டாள் என்பதற்கு மேல் என்னிடம் சாட்சியம் இல்லை. என் நன்றியை உரக்கச் சொல்லச் சொன்னது தாளாளரைத் தூங்கவைக்கவா, நிஜமாகவே பின்வரிசைக்குக் கேட்கவா? கௌசல்யாவின் அம்மா வந்திருப்பது அவளுக்குத் தெரியுமா? எங்களையும் அவள் நம்பவில்லையா? கேட்க வேண்டியவள் இல்லை.

எனக்கு மிஞ்சியவை சில. கூட்டங்களில், பேசுகிறவரை விட்டுவிட்டு, பூவையோ கண்ணாடியையோ சரிசெய்யும் கைகளைப் பார்க்கும் பழக்கம். நல்லா இருக்கேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம். அவள் போனில் எனக்கு இருந்த பெயர். தம்பி அந்தப் போனை வைத்திருப்பானோ, அழித்துவிடுவானோ தெரியாது. பெயர் என்னிடம் இருக்கட்டும். எதிர்க்கட்சி பவித்ரா. எல்லோரும் அவளுக்குக் கைதட்டும் இந்த நாட்களில், அவளிடம் கேட்பதற்குக் கேள்விகளோடு ஒருத்தியாவது எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.